பெரியம்மா நின்று பார்த்த விளக்குகள்

எங்கள் ஸ்ரீவராகம் தெருவில் கார் வைத்திருந்தவர்கள் அப்போது குறைவு. அதிலும் அமெரிக்கக் கார் வைத்திருந்தவர் என் பெரியப்பா ஒருவர்தான். அதனால் அவரைப் பணக்காரர் என்று நினைத்துவிடக் கூடாது. வித்துராவுக்கு மேலே மலையில் ஓர் எஸ்டேட்டில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர். முதலாளி எஸ்டேட்டை விற்றுவிட்டு வெளிநாட்டுக்குப் போகும்போது, ஷெட்டில் வருஷக்கணக்காகத் தார்ப்பாய்க்குள் கிடந்த காரை அவருக்குக் கொடுத்துவிட்டுப் போனார். நீண்ட மூக்கு, இரண்டே இருக்கை, ஸ்டியரிங் இடது பக்கம். அந்தக் காரில்தான் பெரியப்பா தினமும் சாயங்காலம் ஆரியசாலையில் ஒரு மிளகாய் மொத்தக்கடைக்குக் கணக்குப் பார்க்கப் போவார். நடந்தே போய்விடக்கூடிய தூரம்தான்.

காருக்கு ஒரே ஒரு கெட்ட குணம். பின்விளக்குகள் எப்போது எரியும், எப்போது எரியாது என்று யாராலும் சொல்ல முடியாது. கடையிலிருந்து திரும்புவதோ இருட்டிய பிறகு. ஒருமுறை பின்னால் வந்த லாரி ஒன்று இடித்திருக்க வேண்டியது, மயிரிழையில் தப்பினார். அன்றிலிருந்து, அவர் புறப்படும் முன் பெரியம்மா தெருவில் இறங்கிக் காருக்குப் பின்னால் நிற்பது வழக்கமாயிற்று. அடுத்த வீட்டிலிருந்த எனக்கு அது தினசரி வேடிக்கை.

"இடது?" என்பார் பெரியப்பா உள்ளேயிருந்து.

"எரியறது."

"வலது?"

"எரியறது."

"பிரேக்கு?"

"ஒண்ணு எரியறது. மத்தது மொறச்சுண்டிருக்கு."

பெரியப்பா இறங்கி வந்து அந்த விளக்கை முஷ்டியால் ஒரு தட்டு தட்டுவார். "இப்போ?"

"இப்போ ஆச்சு. மகாராஜா எழுந்தருளலாம்."

அவர்களுக்குக் குழந்தை இல்லை. வீட்டுக்குள் இருவரும் பேசிக்கொண்டு நான் அதிகம் கேட்டதில்லை. சண்டை ஒன்றும் கிடையாது. "காப்பி ஆறறது" என்று பெரியம்மா சுவரிடம் சொல்வாள், பெரியப்பா வந்து எடுத்துக் குடிப்பார். அவ்வளவுதான். ஆனால் சாயங்காலம் ஆனால் அவள் முகம் கழுவி, புடவை மாற்றி, பூ வைத்துக்கொண்டு தயாராகிவிடுவாள். கோயிலுக்குப் போகத்தான் என்று நான் நினைத்திருந்தேன். அவள் கோயிலுக்குப் போவது காலையில் என்பது எனக்குத் தெரியாததல்ல. இரண்டையும் சேர்த்து யோசிக்கத் தெரியாத வயது.

ஜூன் மாதத்து இடவப்பாதி மழையில் ஒருநாள், குடையோடு தெருவில் இறங்கும்போது பெரியம்மா படியில் வழுக்கி விழுந்தாள். முழங்கால் வீங்கிவிட்டது. மறுநாளும் நொண்டிக்கொண்டே வந்து நின்றாள். பெரியப்பா அவள் முழங்காலைப் பார்த்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காரின் நடுப்பலகையைக் கழற்ற ஆரம்பித்தார்.

கியருக்குப் பக்கத்தில் அந்தப் பலகையில் வரிசையாகச் சின்னத் துளைகள் இருந்தன. அலங்காரத்துக்கு என்று நினைத்திருந்தேன்.

"இதுக்குள்ளே பல்பே கெடையாது, கேட்டியா? பின்னாடி எரியற வெளக்கோட வெளிச்சம் கண்ணாடி மாதிரி ஒரு எழை வழியா இங்க வரணும். அங்க எரிஞ்சா இங்க ஒரு புள்ளி தெரியும். அங்க அணைஞ்சா இங்கயும் இருட்டு" என்றார் பெரியப்பா.

அவர் உருவி எடுத்த இழைகள் மஞ்சளாகி, காய்ந்த சேமியாவைப் போல ஒடிந்தன. பல்பின் சூட்டில் முனைகள் உருகியிருந்தன. எங்கள் ஊர்க் கடைத்தெருவில் அப்படி ஒன்றை யாரும் கேள்விப்பட்டதில்லை. எறணாகுளத்திலும் கிடைக்கவில்லை.

"எந் தம்பி துபாய்ல வெளக்குப் போர்டு பண்ற எடத்துலதானே இருக்கான்? அவனண்ட நான் கேக்கறேன்" என்றாள் பெரியம்மா. அந்த முழங்காலோடு என்னையும் அழைத்துக்கொண்டு எஸ்.டி.டி. பூத்துக்கு நடந்தாள். ஒடிந்த இழை ஒன்றைக் கையில் பிடித்தபடி, "நூல் மாதிரி இல்லேடா, கொஞ்சம் தடிமன். தம்புராத் தந்தின்னு வெச்சுக்கோயேன்" என்று துபாய் வரைக்கும் கேட்கும்படி கத்தினாள். எதற்கு என்று தம்பி கேட்டிருக்க வேண்டும். "அவர் காருக்கு வேணுமாம். எனக்கென்ன தெரியும்?" என்றாள். அதைச் சொன்னபோது அவள் முகத்தில் ஒரு பெருமை இருந்தது.

லீவில் வந்த யாரோ ஒருவர் கையில் இழை சுருளாக வந்து சேர்ந்தது. அப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளெல்லாம் அதற்கே போயின. இழையைப் புது பிளேடால் நேராக வெட்ட வேண்டும். வெட்டு கோணினால் வெளிச்சம் மங்கிவிடும். முனையை நைஸான உப்புத்தாளில் மெதுவாகத் தேய்த்துப் பளபளப்பாக்க வேண்டும். ஒரு முனையை ஜன்னல் பக்கம் காட்டினால், மறுமுனையில் கடுகளவு வெயில் வந்து நிற்கும். பிறகு கறுப்புக் குழாய்க்குள் நுழைத்து, கார்ப்பெட்டுக்கு அடியில் பின்விளக்கு வரை கொண்டுபோக வேண்டும். வளைவில் ஓர் இழை முறிந்தது. பெரியப்பா கோபப்படவில்லை, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். அவர் ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கூடக் கேட்டேன். பெரியம்மாவும் அந்த நாட்களில் காப்பியைக் கார் வரைக்கும் கொண்டுவந்து அவர் கையிலேயே கொடுத்தாள்.

வேலை முடிந்த அன்று சாயங்காலம் என்னைப் பக்கத்து இருக்கையில் உட்கார வைத்தார். சுவிட்சைத் திருப்பினார். துளைகளில் ஒவ்வொன்றாகப் புள்ளிகள் எரிந்தன. நான் கை தட்டினேன்.

பின்னால் பெரியம்மா வழக்கம்போல் பூ வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். கேள்வி வரவில்லை என்றதும், "இடது எரியறது" என்று தானே சொன்னாள்.

பெரியப்பா தலையை வெளியே நீட்டினார். "நீ உள்ளே போ. இனிமே நீ வந்து நிக்க வேண்டாம். எல்லாம் இங்கயே தெரியறது."

"ஆமா பெரியம்மா, வந்து பாரேன்!" என்றேன் நான்.

அவள் மெல்ல நடந்து வந்து, ஜன்னல் வழியாகக் குனிந்து பார்த்தாள். "எந் தம்பி அனுப்பினதா இது?"

"அதே" என்றார் பெரியப்பா.

"அழகா இருக்கு" என்றாள்.

கார் கிளம்பித் தெருமுனையில் திரும்பும் வரை நான் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் உள்ளே போகவில்லை.

மறுநாளிலிருந்து பெரியம்மா சாயங்காலத்தில் வெளியே வரவில்லை. காலையில் கட்டிய புடவையோடு அடுக்களையிலேயே இருந்தாள். அடுத்த சித்திரை விஷு கழிந்து, தன் அண்ணா பெண்ணின் கல்யாணத்துக்கென்று கல்லிடைக்குறிச்சிக்குப் போனவள் திரும்பி வரவில்லை. மனஸ்தாபம் என்று சொல்ல ஒன்றுமே இல்லை. "கூப்பிட்டா வரேன். அங்க எனக்கு என்ன வேலை இருக்கு?" என்று என் அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். "அங்க வாசல்ல படி இல்லே. அவ முட்டிக்கு அதான் நல்லது. தோணினா வரட்டும்" என்று பெரியப்பா என் அப்பாவிடம் சொல்லியிருக்கிறார். கணவன் மனைவி விஷயம் என்று அம்மாவும் அப்பாவும் ஆளுக்கொன்றாகக் கேட்டதைத் தங்களிடமே வைத்துக்கொண்டார்கள். சில வருஷம் கழித்து ஒரு காய்ச்சலில் பெரியம்மா அங்கேயே போய்விட்டாள். காரியங்களை முடித்துவிட்டு வந்த பெரியப்பா அந்தக் காரை மறுபடி எடுக்கவே இல்லை.

நான் கல்லூரியில் படித்தபோது ஒருநாள், கேட்காமலே அவர் சொன்னார்: "மழையில நின்னு நின்னு அவளுக்கு முட்டி போயிடுத்துடி. அதுக்காகத்தான் அத்தனை பாடு பட்டேன். அவளண்ட சொல்லணும்னு தோணலை. பின்னே, தெரியாமலா இருந்திருக்கும்?"

எனக்குப் பெரியம்மா ஊருக்குப் போன அந்தக் காலைவேளை ஞாபகம் வந்தது. கார் இருக்கை ரொம்பத் தாழ்வு, அவளுக்கு மடக்கி உட்கார முடியாது, ஆட்டோ கூட்டிக்கொண்டு வா என்று பெரியப்பாதான் என்னை அனுப்பியிருந்தார். ஆட்டோ வந்து நின்றபோது அவர் காரின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பெரியம்மா ஏறி உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டு, என்னை அருகில் அழைத்தாள்.

"பெரியப்பா ஏதாவது சொன்னாரா?"

நான் நன்றாக யோசித்துப் பார்த்தேன்.

"ஆட்டோ கூட்டிண்டு வரச் சொன்னார்" என்றேன்.

அவள் தலையாட்டினாள். பிறகு ஆட்டோக்காரரிடம் மலையாளத்தில், "போகாம்" என்றாள். கேட்டதற்குச் சரியாகப் பதில் சொல்லிவிட்ட திருப்தியில் நான் தெருமுனை வரை கையசைத்துக்கொண்டே ஓடினேன்.