பெட்ரோல் ஊற்றிக் கழுவிய ஹேண்ட் பிரேக்

இன்றைக்கு வண்டியை எப்.சி.க்கு, அதாவது தகுதிச் சான்றுக்கு, விடுவது என்றால் பையன்களுக்குப் பெயிண்ட் அடிப்பதும் ஸ்டிக்கர் ஒட்டுவதும்தான். சிரிப்பாக வருகிறது. நான் காரைக்குடியில் வேலை பார்த்த காலத்தில் எப்.சி. என்றால் ஒர்க்‌ஷாப்பே ஒரு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்கும். அதில் ஒரு வண்டியை மட்டும் என்னால் மறக்க முடியவில்லை. மறக்க ஆசைதான், முடியவில்லை.

சேவுகன் அண்ணனின் ஜீப் அது. ராணுவத்தில் ஓடி, ஏலத்துக்கு வந்து, நாலு கை மாறி அவரிடம் வந்தது. அதை வைத்துத்தான் வாடகை ஓட்டினார். ஒக்கூர்ப் பக்கம் மழை பெய்தால் செம்மண் பாதையில் கார் போகாது, ஜீப்தான் போகும். கல்யாணம், பிரசவம், சாவு எல்லாவற்றுக்கும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். வருஷா வருஷம் பிரேக் இன்ஸ்பெக்டரிடம் காட்டி எப்.சி. வாங்கினால்தான் வாடகை ஓட்டலாம். அந்த வருஷம் முகூர்த்த மாதம் நெருங்கிய நேரத்தில் எப்.சி. முடிந்தது. அது கிடைக்காவிட்டால் அவர் வீட்டில் உலை கொதிக்காது.

நான் ஜீப்புக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். முன்சக்கரத்தில் கிங் பின் ஆட்டம், ஸ்டியரிங் ஆட்டம் எல்லாம் சரி செய்துவிடலாம். ஹேண்ட் பிரேக்தான் வம்பு. அந்த ஜீப்புக்கு ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் இருக்காது. கியர் பெட்டிக்குப் பின்னால் ஷாஃப்ட்டில் ஒரு டிரம், அதற்குள் டிரம்மைக் கவ்விப் பிடிக்கிற லைனிங். ஆயில் சீல் போய்விட்டால் கியர் ஆயில் கசிந்து லைனிங்கை நனைத்துவிடும். நனைந்த லைனிங் எதையும் பிடிக்காது. சேவுகன் அண்ணனுக்கு இது தெரியும். அதனால் சீட்டுக்கு அடியில் ஒரு வேலங்கட்டை வைத்திருப்பார். மேட்டில் நிறுத்தினால் இறங்கியதும் முதல் வேலை, சக்கரத்துக்குக் கட்டை கொடுப்பது.

சீலுக்கு மெட்ராஸுக்கு எழுதியிருந்தோம். வரவில்லை. இன்ஸ்பெக்டர் ஊருக்கு வந்து வண்டிகளைச் சோதிக்கும் கேம்ப் நாள் வந்துவிட்டது.

எங்கள் மேஸ்திரிக்கு ஒரு வித்தை தெரியும். டெஸ்டுக்குச் சற்று முன்னால் டிரம்மைக் கழற்றி, லைனிங்கைப் பெட்ரோலில் கழுவித் துடைத்து, சாக்பீஸ் தூளைத் தேய்த்துவிட்டால் கொஞ்ச நேரத்துக்குக் கப்பென்று பிடிக்கும். அப்புறம் ஆயில் கசிந்து பழையபடி ஆகிவிடும். இதை டிரைவரிடம் சொல்லக் கூடாது என்பது அவர் சட்டம்.

"சொன்னா இன்ஸ்பெக்டர் முன்னாடி பேயறஞ்ச மாதிரி முழிப்பாங்ய. மூஞ்சியே காட்டிக் குடுத்துரும்" என்பார்.

அன்றைக்கு சேவுகன் அண்ணனை டீ குடிக்க அனுப்பிவிட்டு நான் கழுவினேன். மேஸ்திரி சீட்டைத் தூக்கிக் கட்டையை வெளியே எடுத்து ஒர்க்‌ஷாப் மூலையில் போட்டார். கட்டையைப் பார்த்தால் பிரேக் இல்லை என்று இன்ஸ்பெக்டர் கண்டுபிடித்துவிடுவாராம்.

கேம்ப் போட்டது பக்கத்துப் பொட்டலில்தான். இன்ஸ்பெக்டர் ஜீப்பை அங்கிருந்த மேட்டில் ஏற்றச் சொன்னார். "கால எடுய்யா. ஹேண்ட் பிரேக்க மட்டும் போடு" என்றார். ஜீப் அசையவில்லை. சேவுகன் அண்ணனின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! வாயெல்லாம் பல். எப்.சி. கையில் வந்தது.

திரும்பி வந்ததும் நான் கட்டையை எடுத்து நீட்டினேன்.

"இனி எதுக்குடா இந்த எழவு? மேட்டுல நின்னுச்சே, நீ பாக்கலையா? கைராசிக்காரன்டா நீ" என்று சிரித்தார்.

"அண்ணே, ஹேண்ட் பிரேக்க நம்பிராதீக. சீல் இன்னும் வரல. இன்னைக்கு நின்னது…"

"டேய்! அங்குட்டு லாரி கெடக்குல்ல, அதப் போய்ப் பாரு" என்று மேஸ்திரி கத்தினார். பிறகு அண்ணனிடம் திரும்பி, "அவன் கெடக்கான், நீங்க போங்க. முகூர்த்தம் ஆரம்பிச்சிருச்சு" என்றார்.

கட்டையை வாங்காமலே அண்ணன் போய்விட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் கையிலிருந்த ஸ்பேனரை மண்ணில் எறிந்தேன். அதற்கு மேல் என்ன செய்ய முடியும், சம்பளம் கொடுப்பவர் அவர்.

அந்த முகூர்த்தத்திலேயே நடந்தது. ஒக்கூரில் பெண் வீட்டாரை இறக்கிவிட்டுக் காலி வண்டியாகத் திரும்பியிருக்கிறார். வழியில் ரேடியேட்டர் கொதித்துவிட்டது. ஒரு ஊருணிக் கரை ஏற்றத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, வாளியோடு பின்பக்கமாகத் தண்ணீருக்கு இறங்கியிருக்கிறார். ஜீப் அவர் மேலேயே உருண்டு வந்தது. ஆள் பிழைத்தார். வலது கால் தொடையோடு போயிற்று.

மதுரை ஆஸ்பத்திரிக்கு மேஸ்திரியும் நானும் போனோம். அண்ணன் சம்சாரம் எங்களுக்கு உட்கார ஸ்டூல் எடுத்துப் போட்டார். அண்ணன் மேஸ்திரி பக்கம் தலையைத் திருப்பினார்.

"மேஸ்திரி, ஒன்னே ஒன்னு கேக்கணும். அன்னைக்கு மேட்டுல நின்னுச்சே. எப்படி நின்னுச்சு?"

நான்தான் சொன்னேன். பெட்ரோல், சாக்பீஸ் தூள், எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சத்தம் போடுவார், திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை.

அந்த ஜீப்பை அவர் சம்சாரம் அடுத்த மாதமே விற்றார். வாங்க வந்தவர் காகிதத்தை விரித்துப் பார்த்து, "எப்.சி. சுத்தமா இருக்கே" என்று திருப்தியாகத் தலையாட்டினார். அதற்குள் மெட்ராஸிலிருந்து சீல் வந்திருந்தது. நானே போட்டுக் கொடுத்தேன்.

பிற்பாடு நான் தனியாக ஒர்க்‌ஷாப் வைத்தேன். என்னிடம் வேலை கற்க வந்தவர்களுக்கு இன்ஸ்பெக்டரிடம் பொய் சொல்லாதே என்றெல்லாம் நான் பிரசங்கம் செய்தது கிடையாது. அந்தக் காலத்தில் எல்லா ஒர்க்‌ஷாப்பும் ஏதோ ஒன்றைக் கழுவித்தான் காட்டியது. ஆனால் வண்டியில் எது வேலை செய்யாது என்பதை ஓட்டுகிறவனிடம் சொல்லாமல் சாவியைக் கொடுத்தால், அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுவேன் என்று சொல்லியிருந்தேன். இரண்டு பேரை அனுப்பியும் இருக்கிறேன்.

அன்றைக்கு ஆஸ்பத்திரியில் சேவுகன் அண்ணன் சொன்னது இவ்வளவுதான்:

"இத எங்கிட்ட சொல்றதுக்கு என்ன? பெட்ரோல நானே வாங்கிக் குடுத்திருப்பேனே."