சூப்பர்வைசர் அக்கா தின்ற மண்

செக்யூரிட்டி அம்மா அந்தப் பாலித்தீன் பொட்டலத்தைப் பிரித்தபோது, வரிசையில் அடுத்த ஆளாக நின்றது நான்தான். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் எனக்கு அப்போது தையல் லைனில் வேலை. ஷிஃப்ட் முடிந்து வெளியே போகும்போது, தோல் துண்டோ பக்கிளோ போகிறதா என்று தினமும் எங்கள் பையைக் கிளறுவார்கள். சூப்பர்வைசர்களைத் தொடமாட்டார்கள். அந்த வாரம் ஸ்டோரில் ஒரு பெட்டி பக்கிள் காணாமல் போனதால் அவர்களுக்கும் சோதனை. எங்கள் லைன் சூப்பர்வைசர் அக்கா பையை நீட்டினாள். அதற்குள் இருந்த பொட்டலத்தை மட்டும் எடுத்துக் கைக்குள் பொத்திக்கொண்டாள். "அது ஒண்ணுமில்ல, விடு" என்றாள். "ஒண்ணுமில்லன்னா காட்டு, இன்னா இப்போ?" என்று செக்யூரிட்டி அம்மா அவள் விரல்களைப் பிரித்தே விட்டாள். உள்ளே இருந்தது மண். ஈரம் காயாத மண்கட்டிகள். ஒரு கட்டியில் பல் பதிந்திருந்தது.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பின்னால் யாரோ "சீ" என்றார்கள். அக்கா யாரையும் பார்க்காமல் கம்பெனி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

வேறு யார் பையில் அது இருந்திருந்தாலும் நான் அப்படி அதிர்ந்திருக்க மாட்டேன். எங்கள் லைனில் யார் உண்டானாலும் முதலில் ஓடுவது அக்காவிடம்தான். தோல் ஒட்டுகிற சொல்யூஷன் வாடைக்குக் குமட்டுகிறது என்றால் ஜன்னலோர மெஷினுக்கு மாற்றிவிட்டு, "விடிஞ்சதும் வெறும் வயித்தோட எழுந்திரிக்காத, படுத்த வாக்குலயே ரெண்டு வாய் பொரி தின்னு" என்பாள். நெஞ்செரிச்சலா, கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடு, சாப்பிட்ட கையோடு படுக்காதே. கால் வீக்கமா, அட்டைப் பெட்டியை இழுத்துப் போட்டு அதன்மேல் வை. மலச்சிக்கலா, கீரை, கொய்யா, தண்ணீர். கெண்டைக்கால் இழுத்துக்கொண்டால் கால் கட்டைவிரலை உன் பக்கமாக மடக்கு. முகமோ கையோ திடீரென்று வீங்கினாலும், தலைவலி விடாமல் இருந்தாலும் மட்டும் எந்தக் கைவைத்தியமும் சொல்லமாட்டாள். "இங்க நிக்காத, ஆஸ்பத்திரிக்கு ஓடு" என்று விரட்டுவாள். எனக்கும் அப்போது முதல் பிள்ளை வயிற்றில். என் குமட்டலை அடக்கியதே அவள் சொன்ன பொரிதான். அக்காவுக்கோ கல்யாணமாகி எத்தனையோ வருஷம் கழித்து, இரண்டு முறை கலைந்த பிறகு தங்கிய கரு. அந்தக் கருவைச் சுமந்துகொண்டு இவள் மண்ணைத் தின்கிறாளே!

பஸ்ஸில் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் இறங்குகிற மாதனூர் வருவதற்குள் கேட்டுவிடவேண்டும் என்று, "எங்கேர்ந்து எடுத்தீங்கக்கா?" என்றேன்.

"பழைய தோல் ஷாப்பு பின்னாடி."

அடக் கடவுளே! மூடிக் கிடக்கும் அந்தத் தோல் பதனிடும் ஷாப்பின் பின்புறத்தில் புல் முளைத்தாலும் ஆட்டை விடமாட்டார்கள். தோல் ஊறப்போட்ட தொட்டிகளின் கழிவெல்லாம் ஊறிய இடம். பிள்ளைகள் அங்கே விளையாடிவிட்டு வந்தால், வீட்டுக்குள் விடாமல் வாசலிலேயே நிறுத்திக் காலைக் கழுவிவிடுவார்கள். அந்த மண்ணையா?

"தெரியும்டி" என்றாள் அக்கா. "மழை பேஞ்சு அந்த வாசன வந்தா கால் தானா அங்க போவுது. வேற மண்ணுல அந்த ருசி இல்ல. வாந்தின்னா வாய் விட்டு சொல்லலாம், கால் வீங்குதுன்னா சொல்லலாம். இத இன்னான்னு சொல்லுவேன்? அதுவும் நானு?"

அழுதாள். அந்த வாயிலிருந்து அழுகை வரும் என்று நான் நினைத்ததே இல்லை.

மறுநாள் இருவரும் லீவு போட்டோம். நான்தான் கையைப் பிடித்து வேலூருக்கு இழுத்துக்கொண்டு போனேன். மண் தின்பதைச் சொன்னபோது அங்கிருந்த லேடி டாக்டர் முகம் சுளிக்கவில்லை. கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார், நகத்தைப் பார்த்தார். "உடம்புல இரும்புச் சத்து கம்மியானா சில பேருக்கு இந்த ஆசை வரும்மா. மாத்திரை சாப்பிடறீங்களா?" மாத்திரை போட்டால் வயிறு கட்டிக்கொள்கிறது என்று அக்கா அதை நிறுத்தி ரொம்ப நாளாகியிருந்தது. அதற்கப்புறம் கொடுத்த பெட்டிகளையெல்லாம் திறக்காமலே பீரோவில் அடுக்கிவைத்திருக்கிறாள், ஊருக்கெல்லாம் வைத்தியம் சொன்ன மகராசி! மண் எங்கே எடுத்தது என்று டாக்டர் கேட்டார். அக்கா சொன்னதும், எழுதிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது.

"குழந்தைக்கு..." என்று அக்கா இழுத்தாள்.

"இப்ப ஒண்ணும் சொல்ல முடியாது. இனிமே ஒரு துளி வாயில படக்கூடாது. ரத்தம் டெஸ்ட் பண்ணலாம், ஸ்கேன் பார்க்கலாம்."

எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அக்காவுக்காக மட்டுமில்லை. முந்தின நாள் கேட்டில் அந்தப் பொட்டலம் பிரிந்து வாசனை வந்தபோது, பின்னால் நின்றவர்கள் "சீ" என்று முகம் சுளிக்க, என் வாயில் எச்சில் ஊறியது. அதை அங்கேயே டாக்டரிடம் சொல்லிவிட்டேன். அக்கா சடாரென்று என் பக்கம் திரும்பி, "ஏண்டி, இத என்கிட்ட முன்னாடியே சொல்றதுக்கு இன்னா கேடு உனக்கு?" என்று கத்தினாள். டாக்டர் அவளையே பார்த்தார்.

எனக்கும் ரத்தம் குறைவுதான், மாத்திரையிலேயே சரியானது. அக்காவுக்கு இரும்புச் சத்தை டிரிப்ஸில் ஏற்றினார்கள். பிரசவம் வரைக்கும் ஒவ்வொரு ஸ்கேனுக்கும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போனோம். அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்தது, எடை கம்மி. கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்து கொடுத்தார்கள். இன்றைக்கு நன்றாக இருக்கிறாள், பள்ளிக்கூடம் போகிறாள். ஆனாலும் அவளுக்கு லேசாக ஜுரம் வந்தால்கூட அக்கா எனக்குத்தான் போன் செய்கிறாள். "அதனாலயா இருக்குமோடி?" என்று கேட்கிறாள். இல்லை என்று அடித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

அக்கா வேலையை விட்டபின் அந்த லைனுக்கு நான்தான் சூப்பர்வைசர். உண்டான பெண்களுக்குப் பொரியும் கொய்யாவும் நானும் சொல்கிறேன். ஆனால் எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்றைக் கேட்டுவிடுகிறேன்: "மண்ணு கிண்ணு திங்கணும்னு தோணுதா?" சிரிப்பார்கள். "இன்னாக்கா, எங்கள பார்த்தா மண்ணு திங்கறவங்க மாதிரியா இருக்குது?" என்பார்கள்.

போன வாரம் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண்ணிடம் கேட்டேன். சுற்றி நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. என்னைத் தனியே வரச்சொல்லி, முகம் வெளிறக் கேட்டாள்:

"உங்களுக்கு யாரு சொன்னதுக்கா?"