மொட்டை மாடிக்கு ஒரு நடைமுறை வல்லுநர்

காலையில் பால் பாக்கெட் எடுக்கக் கீழே இறங்கினால், கைப்பம்பில் குடம் நிரப்பிக்கொண்டிருக்கும் கஸ்தூரி, எங்கள் காவலாளியின் மனைவி, தலையைத் திருப்பாமலே கேட்பாள்: "இன்னா சார், எப்போ ஊருக்கு?" மயிலாப்பூரில் இந்தக் குடியிருப்புக்கு நாங்கள் வந்து நான்கு வருடம் ஆகிறது. நான்கு வருடமாக அவள் இதைத்தான் கேட்கிறாள். பினாங்கில் காலையில் எதிர்ப்படுகிறவரிடம் "பசியாறியாச்சா?" என்று கேட்போம், பதிலுக்காக யாரும் நிற்பதில்லை. இதுவும் அந்த மாதிரி ஒரு விசாரிப்புதான் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொள்கிறேன். முதல் வருடம், "இதுதாம்மா இப்போ என் ஊர்" என்றேன். "சோக்கா பேசுற சார்" என்று சிரித்துவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள். இப்போதெல்லாம் "பார்க்கலாம்" என்கிறேன்.

பினாங்கில் இதைப் படிக்கிறவர்களில் சிலருக்கு என்னைத் தெரிந்திருக்கும். நகர மன்ற அலுவலகத்தில் முப்பத்தோரு வருடம் கூட்டக் குறிப்பு எழுதியவன். முதலில் ஆங்கிலத்தில் எழுதினேன், பிறகு மலாயில் எழுதச் சொன்னார்கள், மலாயில் எழுதினேன். எந்த மொழியில் எழுதினாலும் கூட்டம் ஒன்றுதான். முன்மொழிய ஒருவர், வழிமொழிய ஒருவர், "துவான் பெங்கெருசி" என்று தலைவரை விளித்துவிட்டுத்தான் எவரும் வாயைத் திறக்கலாம். என் மனைவி கமலா மயிலாப்பூர்க்காரி. கல்யாணமாகிக் கடல் தாண்டி வந்தவள், இந்தியக் கடவுச்சீட்டை மட்டும் கடைசிவரை விடவில்லை. நான் ஓய்வு பெற்ற மறுநாள், "முப்பத்தஞ்சு வருஷம் உங்க ஊர்ல இருந்தேன். இனிமே எங்க ஊர்" என்றாள். வாதத்தில் ஓட்டை எதுவும் தென்படவில்லை. வீட்டை அவள் பெயரில் வாங்கினோம். நான் வருடத்துக்கு ஒரு முறை புகைப்படங்களோடு வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்துக்குப் போய் வருகிறேன். அங்கிருக்கும் அதிகாரி ஒவ்வொரு முறையும், "தமிழ் நல்லா பேசறீங்களே" என்று பாராட்டுகிறார். நானும் நன்றி சொல்கிறேன்.

எங்கள் குடியிருப்பில் பன்னிரண்டு வீடுகள். எங்களுடையது ஒன்பதாம் எண், இரண்டாவது மாடி. உரிமையாளர் சங்கம் ஒன்று உண்டு, அதன் கூட்டம் மொட்டை மாடியில் நடக்கும். கமலாவுக்கு முழங்கால் வலி. "உங்களுக்குத்தான் இதெல்லாம் பிடிக்குமே, நீங்களே போய்ட்டு வாங்க" என்று முதல் கூட்டத்தன்று சொன்னாள். அன்றிலிருந்து நான் போனேன். ஐந்து மணிக்கு என்று அறிவித்தால் ஐந்தே முக்காலுக்கு நாற்காலி வரும். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள். யார் பேசுவதையும் யாரும் மறுப்பதில்லை, கேட்டால்தானே மறுப்பதற்கு. காப்பி வந்ததும் கூட்டம் முடியும். அதன் பிறகு கீழே ஸ்கூட்டர் நிறுத்துமிடத்தில் நான்கு பேர் சாவியைச் சுழற்றிக்கொண்டு கால் மணி நேரம் நிற்பார்கள், முடிவு அங்கேதான் எடுக்கப்படும். ஆறாம் எண் வீட்டுப் பத்மநாபன்தான் செயலாளர், வங்கி அதிகாரி. கூட்டக் குறிப்பை அவர் கூட்டத்துக்கு முந்தைய நாளே எழுதிவிடுவார். "ஏன் சார்?" என்று கேட்டேன். "அப்புறம் மறந்துபோயிடறது சார்" என்றார். முப்பத்தோரு வருடத்தில் எனக்கு இது தோன்றவே இல்லை.

அவரிடம் இன்னொரு திறமையும் இருந்தது. துபாயில் ஒருவர், அமெரிக்காவில் இருவர் என்று மூன்று உரிமையாளர்கள் வீட்டைப் பூட்டிச் சாவியை அவரிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். வாக்கெடுப்பு என்றால் அவர் ஒரு கையைத் தூக்கி, "நாலு" என்பார். இதைப் பொறுக்க முடியாமல் நான் ஒரு விதியை முன்மொழிந்தேன். உரிமையாளருக்கு மட்டுமே வாக்கு. வர முடியாதவர் எழுத்து மூலம் வேறொருவருக்கு அதிகாரம் தரலாம், ஆனால் அந்தக் கடிதம் இரண்டு நாள் முன்பே செயலாளர் கையில் இருக்க வேண்டும். காப்பி வருகிற நேரம், அதனால் நிறைவேறியது. விதி பதினான்கு. பினாங்கு நண்பருக்குக் கடிதம் எழுதி இதைப் பற்றிப் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

போன மாதம் பத்மநாபன் சுற்றுக்கு விட்ட கூட்டக் குறிப்பில் ஒரு வரி இருந்தது. வாயிற்கதவை ஒட்டிய அறையை இடித்து இரண்டு கார் நிறுத்துமிடம் கட்ட "ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது." அந்த அறையில்தான் காவலாளி ஏழுமலையும் கஸ்தூரியும் பத்தாவது படிக்கும் மகளும் இருக்கிறார்கள். கூட்டத்தில் அந்தப் பேச்சே வரவில்லை. கைப்பம்பருகே கஸ்தூரி என்னை நிறுத்தினாள். அன்று ஊருக்கு எப்போது என்று கேட்கவில்லை.

"ரூம்ப இடிக்கப் போறாங்களாமே சார்? ஆத்தோரம் இருந்த வூட்ட கவுருமெண்டுல எடுத்துட்டு ஊருக்கு வெளிய ஒரு எடம் குடுத்தாங்க. அங்கேர்ந்து ரெண்டு பஸ்ஸு மாறணும். பொண்ணுக்கு இங்க இஸ்கூலு நடந்து போற தூரம். அங்க போனா அது படிப்பு நின்னுடும் சார். நீதான் சட்டம்லாம் பேசுவியே, ஏதாச்சும் பண்ணு சார்."

நான் பத்மநாபனிடம் போய், நடக்காத விவாதத்தில் எடுக்காத முடிவு செல்லாது, முறையாக ஒரு கூட்டம் கூட்டி, நடைமுறை தெரிந்த வெளியாள் ஒருவர் முன்னிலையில் வாக்கெடுக்க வேண்டும் என்றேன். அவர் கோபப்படவில்லை. "பேஷா பண்ணுங்கோ. ஆளை நீங்களே கூட்டிண்டு வாங்கோ" என்றார். அவர் ஏன் அவ்வளவு நிம்மதியாக இருந்தார் என்று அப்போது நான் யோசித்திருக்க வேண்டும். நான் வாக்குகளை எண்ணிக்கொண்டிருந்தேன். ஊரில் இருக்கும் ஒன்பது வீட்டில் இடிக்க வேண்டும் என்பவர்கள் நான்கு, கூடாது என்பவர்கள் ஐந்து. ஐந்தில் ஒன்று நான். சமமாக வந்தால் தலைவருக்கு இரண்டாவது வாக்கு உண்டு. தலைவர் முதல் மாடி டாக்டர் அம்மா. அவர் மகனுக்கு மாருதி புக் செய்திருந்தார்.

கூட்ட நடைமுறையையே தொழிலாகக் கொண்டவர்கள் வெளிநாடுகளில் உண்டு. தலைவர் பக்கத்தில் உட்கார்ந்து, எது முறை, எது முறையல்ல என்று சொல்வார்கள். சென்னையில் அப்படி ஒருவரைத் தேட ஆரம்பித்தேன். தெருமுனை வக்கீல், "கூட்டமெல்லாம் எதுக்கு சார்? ஸ்டே வாங்கிடலாம், பத்து வருஷம் ஓடும்" என்றார். தி.நகரில் ஒரு சங்கீத சபாவின் செயலாளரைப் பார்க்கச் சொன்னார்கள்.

"தலைமை தாங்க ஆள் வேணும், அவ்வளவுதானே? ரிடயர்டு ஜட்ஜ் ஒருத்தர் இருக்கார். முக்கால் மணி நேரம் பேசுவார். பொன்னாடை, மாலை மட்டும் நீங்க பாத்துக்கணும்."

"அவர் பேச வேண்டாம். நடைமுறை சொன்னால் போதும்."

"பேசாம எப்படி சார் தலைமை தாங்குவார்? பொன்னாடையை அப்புறம் எந்த நேரத்துல போத்தறது?"

நான் மறுபடி விளக்கினேன். அவர் முகம் வாடியது. "ஓ, அந்த மாதிரி ஆளா? அடையாறுல சேஷாத்ரின்னு ஒருத்தர் இருக்கார். சட்டசபையில குறிப்பெழுத்தாளரா இருந்தவர். எங்க தேர்தலுக்கு ஒரு தடவை கூப்பிட்டோம். ஒரு மணி நேரத்துல முடியற தேர்தல் மூணு வாரம் நடந்தது. வேண்டாம் சார்." நான் முகவரியை வாங்கிக்கொண்டு அன்று மாலையே அடையாறுக்குப் பஸ் ஏறினேன்.

சேஷாத்ரி மெலிந்த மனிதர். சட்டைப்பையில் மூன்று பேனா, மேஜையில் சின்ன மணி. "நான் தலைமை தாங்கறதில்லே. தலைவர் காதுகிட்ட உக்காந்துண்டு சொல்றது என் வேலை. கேட்டாலும் சொல்வேன், கேக்காட்டாலும் சொல்வேன். அதனாலேயே என்னை ரெண்டாவது தடவை யாரும் கூப்பிடறதில்லே" என்றார். இரண்டு மணி நேரம் திருத்தத்துக்குத் திருத்தம் கொண்டுவரலாமா என்று பேசிக்கொண்டிருந்தோம். சென்னைக்கு வந்து நான்கு வருடத்தில், என் பேச்சு ஒருவருக்கு முழுதாகப் புரிந்தது அன்றுதான்.

ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணிக்குக் கூட்டம். சேஷாத்ரி சொன்னபடி வீட்டுக்கு ஒன்றாகப் பன்னிரண்டு வாடகை நாற்காலிகளை, எண் எழுதிய காகிதம் ஒட்டி, கஸ்தூரி வரிசையாகப் போட்டிருந்தாள். துபாய்க்காரருக்கும் அமெரிக்காக்காரர்களுக்கும்கூட நாற்காலி உண்டு. சேஷாத்ரிக்கு மட்டும் டாக்டர் அம்மா வீட்டிலிருந்து ஒரு ஸ்டூல். அவர் மணியை அடித்தார். உறுப்பினர் பதிவேட்டைத் திறந்து ஒவ்வொரு பெயராகப் படித்தார். ஒன்பதுக்கு வந்தார்.

"திருமதி கமலா."

"நான் அவருடைய கணவர்" என்றேன்.

"சந்தோஷம். அதிகாரக் கடிதம் இருக்கா? ரெண்டு நாள் முன்னாடி குடுத்தாச்சா?"

சட்டைப்பையைத் தடவிப் பார்த்தேன். பத்மநாபன் மிகவும் மரியாதையாக, "விதி பதினாலு சார். சார்தான் முன்மொழிஞ்சார்" என்றார். அவருடைய நிம்மதிக்குக் காரணம் அப்போது விளங்கியது. நான் பதற்றத்தில் எழுந்து, "துவான் பெங்கெருசி!" என்று ஆரம்பித்துவிட்டேன். பின்வரிசையில் ஓர் அம்மாள் பக்கத்தில் இருந்தவரிடம், "யாரைத் திட்டறார்?" என்று கேட்டது எல்லோருக்கும் கேட்டது. சேஷாத்ரி வருத்தமாகத்தான் சொன்னார். "நீங்க உறுப்பினர் இல்லே சார். கூட்டம் நடக்கறப்போ வாசப்படிக்கு அந்தப் பக்கம் இருக்கணும். உங்களுக்கு நான் சொல்லணுமா?" சொல்ல வேண்டாம். பினாங்கில் எத்தனையோ பேரை இதே காரணத்துக்காக நானே வெளியே அனுப்பியிருக்கிறேன்.

வீட்டுக்கு இறங்கினேன். கமலா பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். "அனுப்பிட்டாங்களா?" என்றாள். விஷயத்தைச் சொன்னேன். முழுதும் கேட்டுவிட்டு, "நாலு வருஷமா யாரு வீட்டு ஓட்டைப் போட்டுட்டு இருந்தீங்க?" என்று கத்தியைக் கீழே வைத்தாள். பிறகு மாடிப்படியில் நின்று, "கஸ்தூரி, வந்து கையைப் பிடி" என்று கூப்பிட்டாள். இரண்டு மாடியும் ஒவ்வொரு படியாக, கஸ்தூரியின் தோளைப் பற்றிக்கொண்டு ஏறினாள். நான் பின்னால் போனேன்.

அவள் ஒன்பதாம் எண் நாற்காலியில் உட்கார்ந்தாள். கஸ்தூரி திரும்பி இறங்கி, படித் திருப்பத்தில் சுவரோடு ஒட்டி நின்றுகொண்டாள். நான் படிக்கட்டுப் பக்கம் போய் நின்றேன். வாசற்படியை ஒட்டி வரிசைக் கடைசியில் காலியாக இருந்த நாற்காலி ஒன்றைச் சேஷாத்ரி கண்ணால் காட்டினார். அதைப் பின்னுக்கு இழுத்தேன். படிக்கட்டில் இடம் போதவில்லை. பின்னங்கால் இரண்டும் படிக்கட்டுப் பக்கம், முன்னங்கால் இரண்டும் மாடிப் பக்கம் என்று அது நடுவில் நின்றுவிட்டது.

அங்கே உட்கார்ந்தபோதுதான் அது எனக்கு உறைத்தது. நான் உறுப்பினர் இல்லையென்றால், விதி பதினான்கை முன்மொழிந்ததும் உறுப்பினர் இல்லை. வெளியாள் கொண்டுவந்த விதி செல்லாது. அது செல்லாவிட்டால் பத்மநாபனின் ஒரு கை மறுபடியும் நாலு. அவர்கள் பக்கம் ஏழு, நாங்கள் ஐந்து. இதை எழுந்து சொல்வதுதான் முறை. முப்பத்தோரு வருடத்தில் இப்படி ஒரு குறையைக் கண்டு நான் வாயை மூடிக்கொண்டிருந்ததில்லை. சேஷாத்ரியைப் பார்த்தேன். விதிப் புத்தகத்தில் பதினான்காம் விதி இருந்த பக்கம் அவர் மடியில் திறந்திருந்தது. முன்மொழிந்தவர் என்ற இடத்தில் விரலை வைத்திருந்தார். அவரும் என்னைப் பார்த்தார். கேட்காவிட்டாலும் சொல்லும் மனிதர், மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார். பிறகு புத்தகத்தை மூடி, "பொருளுக்குப் போகலாம்" என்றார். நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பத்மநாபன் கார்களைப் பற்றிப் பேசினார். தண்ணீர்த் தொட்டிக்கு அப்பாலிருந்து கமலா அனுமதி வாங்கிக் கேட்டாள். "பத்மநாபன், விடிகாலை நாலு மணிக்குத் தண்ணி லாரி வருதே, ஏழுமலை போனப்புறம் யாரு கேட்டைத் திறந்து குழாய மாட்டறது? நீங்களா?"

"வேற ஆள் பாத்துக்கலாம் மாமி."

"அந்த ஆள் எங்க தூங்குவான்? உங்க கார்லயா?"

சிரிப்பு அடங்கச் சேஷாத்ரி இரண்டு முறை மணியடிக்க வேண்டியிருந்தது. இடிக்க வேண்டும் என்பவர்கள் கை தூக்கினார்கள். நான்கு. கூடாது என்பவர்கள் தூக்கினார்கள். என் இடத்திலிருந்து நான்கு கைதான் தெரிந்தது, கமலா இருந்த பக்கத்தைத் தண்ணீர்த் தொட்டி மறைத்தது. அப்புறம் சேஷாத்ரி, "அஞ்சு. தீர்மானம் தோல்வி" என்றார். கீழே படியில் கஸ்தூரி மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. காப்பி வந்தது.

எல்லோரும் என்னைத் தாண்டி இறங்கினார்கள். பத்மநாபன், "நல்ல ஆளைத்தான் கூட்டிண்டு வந்திருக்கேள்" என்று சொல்லிவிட்டுப் போனார். சேஷாத்ரி என் கையைக் குலுக்கினார். இருவரும் ஒன்றும் பேசவில்லை. பேசினால் அது குறிப்பில் ஏற வேண்டியதாகிவிடும். கமலாவை வீட்டில் விட்டுவிட்டுக் கஸ்தூரி நாற்காலிகளை அடுக்க வந்தாள். நான் இன்னும் எழுந்திருக்கவில்லை. உடம்பை அசைத்தால் நாற்காலி ஒரு முறை மாடிப் பக்கமும் ஒரு முறை படிப் பக்கமும் ஆடியது.

"பன்னெண்டு வந்துச்சு, பதினொண்ணுதான் கீது" என்று எண்ணிக்கொண்டே வந்தவள் என்னைப் பார்த்தாள். "இது யாரு சேரு சார்?"

முதுகில் ஒட்டியிருந்த காகிதத்தைத் திரும்பிப் பார்த்தேன். "துபாய்க்காரருடையது."

"அவுரு எப்போ ஊருக்கு வர்றாராம்?"

"தெரியலம்மா."

கஸ்தூரி கொஞ்சம் யோசித்தாள். பிறகு மற்ற பதினொன்றையும் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கித் தூக்கிக்கொண்டு, என் முழங்காலில் இடிக்காமல் பக்கவாட்டில் நழுவிப் படியிறங்கினாள். திருப்பத்திலிருந்து அவள் குரல் வந்தது.

"அவரு வர்ற வரிக்கும் குந்திக்கினு இரு சார்."