அந்த ‘ஆம்’ யாரோடது?

மாத்திரை அட்டையைக் கத்தரித்துக்கொண்டே, “அந்த ‘ஆம்’ யாரோடது?” என்று கேட்பார் மருந்துக்கடை அக்கா. எதிர்வீட்டுக்காரருக்கு ‘மாரடைப்பாம்’ என்று ஆரம்பித்த வாடிக்கையாளர் அதோடு நின்றுவிடுவார். “நீங்க பார்த்தீங்களா, யாராவது சொன்னாங்களா?” என்பது அடுத்த கேள்வி. அக்காவை வம்பு பிடிக்காதவர் என்று நினைத்துவிட வேண்டாம். முக்காலியை இழுத்துப் போட்டு ரசித்துக் கேட்பார். சொன்னவர் யாரென்று மட்டும் தெரிய வேண்டும்.

தெருமுனையில் நான் தண்ணீர்க் கேன் விற்கிறேன். போன கோடையில், என் தண்ணீரைக் குடித்துப் பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்காம் என்று பேச்சு கிளம்பியது. கேன்கள் அடுக்கியது அடுக்கியபடி கிடந்தன. கடையை மூடிவிடலாமா என்று மனைவி கேட்டாள்.

அக்கா தன் கடைக்கு வந்தவர்களை ஒவ்வொருவராகப் பிடித்தார்.

“உங்க வீட்ல யாருக்கு?”

“எங்க வீட்ல இல்லக்கா, மாடி வீட்டம்மா சொன்னாங்க.”

மாடி வீட்டம்மா தையல்காரரைக் கைகாட்டினார். தையல்காரர் மென்று விழுங்கினார். “நீங்கதானக்கா சொன்னீங்க. வயித்துப்போக்கு மாத்திரை நிறைய போகுது, தண்ணியாலதான் இருக்கும்னு.”

கத்தரிக்கோல் அப்படியே நின்றது. அக்காவின் முகம் சுருங்கிப்போனது.

“கேன் தண்ணின்னு சொல்லல. ஆனா சொன்னது நான்தான்.”

அன்று மாலையே கடையைச் சாத்திவிட்டு வீடுவீடாகப் போனார். “நான் சொன்னது இவ்வளவுதான். அதுவும் பார்த்துச் சொன்னதில்ல, ஊகம்” என்று ஒவ்வொரு வாசலிலும் நின்று சொன்னார். கடைசியாக என்னிடம் வந்தார்.

“தண்ணி நல்லதுன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்கக்கா, போதும்” என்றேன்.

“அது எனக்குத் தெரியாதே தம்பி. தெரியாதத சொல்லித்தானே இவ்வளவும். ஆய்வுக்குக் கொடுத்துப் பார்ப்போம்.”

எனக்குச் சுருக்கென்றது. அவர் கண்டுகொள்ளவில்லை. கடையில் அடுக்கியிருந்ததில் தானே ஒரு கேனைத் தேர்ந்தெடுத்து, ஆய்வுக்கூடத்துக்கு ஆட்டோவில் கொண்டுபோனார்.

தண்ணீரில் குறையில்லை என்று முடிவு வந்ததும் மறுபடி அதே வாசல்கள், அதே அக்கா. அந்த வாரமே கேன்கள் நகரத் தொடங்கின.

நன்றியாக ஒரு கேனைத் தோளில் சுமந்துபோய் அவர் கடையில் இறக்கினேன். அக்கா மூடியைத் திருகி, டம்ளரில் சாய்த்தார். பள்ளி விட்டு வந்து, பையைக்கூட இறக்காமல் நின்ற தன் மகளிடம் முதல் டம்ளரை நீட்டினார்.