வருஷத்துக்கு மூன்று நாள் மாத்திரை

கொரட்டூர் ஸ்டேஷனில் சீசன் டிக்கெட்டை எடுக்கச் சட்டைப் பையைத் தொடப் போனேன். கை போகவில்லை. பரிசோதகருக்குப் பதில் சொல்ல வாயைத் திறந்தேன், எச்சில்தான் வந்தது. காலையிலேயே குடித்திருக்கிறான் என்று யாரோ சொன்னது நன்றாகவே காதில் விழுந்தது.

வந்தது பக்கவாதம் (மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்துக்கொள்வது அல்லது வெடிப்பது). எனக்கு அடைப்பு. வலப்பக்கமும் பேச்சும் போயின.

"பிரஷருக்கு மாத்திரை சாப்பிட்டாரா?" என்று டாக்டர் என் மனைவியைக் கேட்டார்.

"சாப்புடுவாரு சார். வருஷத்துக்கு மூணு நாளு."

அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் கிரேன் ஓட்டுகிறவன். வருடாந்திரப் பரிசோதனையில் ரத்த அழுத்தம் அதிகம் என்று எழுதினால் கிரேனிலிருந்து இறக்கி, கூட்டிப் பெருக்க விட்டுவிடுவார்கள். அதனால் மூன்று நாள் முன்பிருந்து மாத்திரையை விழுங்கி, நல்ல பிள்ளையாகப் போய்க் கையை நீட்டுவேன். இந்த வித்தையைப் பக்கத்துக் கிரேன் கோவிந்தனுக்கும் பெருமையாகச் சொல்லிக்கொடுத்தேன்.

"பயப்படாத மாமே. மூணு நாளு போட்டா போதும், பிரஷர் தன்னால எறங்கிடும்."

எண்பதுகளின் நடுவில் ஒருநாள் கோவிந்தன் கிரேன் ஏணியடியில் விழுந்தான். மறுநாள் போய்விட்டான். அந்த வருஷங்களில் எங்களில் வாதம் வந்து விழுந்தவர்கள் பெரும்பாலும் அப்படித்தான் போனார்கள். எனக்கு வந்தபோது தொண்ணூறுகள் பிறந்து, ஸ்கேனும் வந்திருந்தது.

"இப்பல்லாம் முன்ன மாதிரி இல்லம்மா. பொழைக்கிறவங்க ஜாஸ்தி" என்றார் டாக்டர்.

"வாதத்துல உளுறவங்க கம்மி ஆய்ட்டாங்களா சார்?" என்றாள் மனைவி. அவர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

பிசியோதெரபியில் (செயலிழந்த தசைகளைப் பழக்கும் பயிற்சி) ஆறு மாதம் போனது. காலை இழுத்துக்கொண்டு நடந்தேன். பேச்சும் திரும்பியது. இதே நோயில் படுத்திருப்பவர்களுக்குச் சொல்கிறேன்: மாத்திரையை நிறுத்தாதீர்கள். இதைச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை, இருந்தாலும் கேளுங்கள்.

கோவிந்தன் மனைவி மல்லிகா சாத்துக்குடியோடு பார்க்க வந்தாள்.

"அண்ணே, எத்தினி வருசமா மனசுல கீது, கேட்டுர்றேன். அந்த மாசந்தான் செக்கப்புல பிரஷர் கரீட்டா கீதுன்னு எழுதிக் குடுத்தாங்க. அப்பால எப்பிடிண்ணே? நான் கொழம்புல உப்ப அள்ளிக் கொட்டிதான் அவரக் கொன்னுட்டேன்னு மாமியா ஊட்ல இன்னிக்கும் சொல்றாங்க."

பதில் நாக்கு நுனியில் இருந்தது. நான் வாயைக் கோணிக்கொண்டு உளறினேன்.

"வேணாண்ணே, கஷ்டப்படாதீங்க" என்று முந்தானையால் என் கடைவாயைத் துடைத்துவிட்டுப் போனாள்.

அன்று காலைதான் பாலில் தண்ணீர் என்று பால்காரனோடு தெருவுக்கே கேட்கச் சண்டை போட்டிருந்தேன்.

அவள் பிறகு வரவில்லை. நாட்களை இப்போது மாத்திரை அட்டையில்தான் எண்ணுகிறேன். மரத்துப்போன வலக் கையின் மேல் எனக்குக் கோபமில்லை. குணமான வாயின் மேல்தான். அது சொல்லாததை இடக் கையால் கோணல் மாணலாக எழுதியிருக்கிறேன்.

மல்லிகாவுக்குப் படிக்கத் தெரியாது.