இடது கையால் பூசிய பச்சை

நான் எழுதியதை ஒருவர் மஞ்சள் மார்க்கரால் கோடு போட்டுப் படித்திருப்பதைப் பன்னிரண்டு நாளைக்கு முன்னால், ஒரு செவ்வாய்க்கிழமை பார்த்தேன். ஏழு இடங்களில் கோடு. ஸ்கேல் வைத்துப் போட்டது போல ஏழும் நேராக இருந்தன.

பத்தி எழுதுகிறவளுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? மேலோட்டமாகப் புரட்டிவிட்டு ராசிபலனுக்குப் போய்விடுகிறார்கள் என்று இத்தனை வருடமாகக் குறைப்பட்டுக்கொண்டவள் நான்.

ஆனால் அந்தக் கத்தரித்த காகிதம் இருந்தது ஒரு ஃபைலுக்குள். ஃபைலின் மேல் 'உள் விசாரணை' என்று எழுதியிருந்தது.

இடம், ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையின் விசிட்டர் அறை. நேரம், காலை 10.40. எதிரே உட்கார்ந்திருந்தவர் ஹெச்.ஆர். அதிகாரி. முப்பத்தைந்து வயதிருக்கும். மரியாதையான மனிதர். நான் போய் உட்கார்ந்ததும் ஃபேனை என் பக்கம் திருப்பிவிட்டார்.

ஐந்து வாரங்களுக்கு முன்னால் இதே பக்கத்தில் நான் எழுதியது வழக்கமாகப் படிக்கிறவர்களுக்கு நினைவிருக்கலாம். மற்றவர்களுக்காகச் சுருக்கமாக...

என் வீட்டு மாடியில் ஆறு பெண்கள் வாடகைக்கு இருக்கிறார்கள். ஆறு பேருக்கும் கம்பெனி வேலை. அதில் ஒருத்திக்குத் தென்காசிப் பக்கம். வயது இருபத்திரண்டு. பெயின்ட் பிரிவில் டச்சப் வேலை, டிரெய்னி. பெயின்ட் அடித்துக் காய்ந்து வரும் பாகங்களில் ஊசி முனை அளவு கீறலோ புள்ளியோ இருந்தால் மெல்லிய பிரஷ்ஷால் அதைச் சரி செய்ய வேண்டும். சரி செய்த இடம் எது என்று பிறகு யாருக்கும் தெரியக் கூடாது. அதுதான் வேலை.

அவளும் ரூம் பெண்களும் போனில் ஒரு கேம் ஆடுவார்கள். துப்பறியும் கேம். ஒரு பழைய சினிமா தியேட்டர். இடைவேளை முடிந்து விளக்கு அணைகிறது. படம் மட்டும் ஓடவில்லை. ஆபரேட்டரைக் காணோம். தியேட்டருக்குள் பதினொரு பேர். ஒவ்வொருவரிடமும் பேசி, தடயம் பார்த்து, 'இவர் இல்லை... இவரும் இல்லை...' என்று ஒவ்வொரு முகமாகக் கவிழ்த்துக்கொண்டே வர வேண்டும். கடைசியில் ஒரே ஒரு முகம் மிஞ்சும்.

கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போதுகூட ஒரே போனைச் சுற்றி ஆறு தலை. "ஏட்டி, அவன இப்பமே கவுத்தாத, அவங்கிட்ட ரெண்டு டிக்கெட் இருக்கு!" என்று ஒருத்தி கத்த, பஸ் டிரைவர் ஹாரன் அடித்து அடித்து ஓய்ந்துபோவார்.

அந்தப் பதினொரு முகங்களையும் அவள் மரத்தில் வரைந்தாள். வெளிநாட்டிலிருந்து பார்ட்ஸ் வரும் பெட்டிகளை உடைத்து விற்கும் கடைகள் எங்கள் ரோட்டில் வரிசையாக உண்டு. அங்கே கிடைக்கும் பைன் மரத் துண்டு, உள்ளங்கை அளவு. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் வழவழவென்று இருக்கும். அதன் மேல் முறுக்கு விற்பவர், கைக்குழந்தையோடு தனியாக வந்தவள், இரண்டு டிக்கெட் வாங்கிவிட்டு ஒற்றையாக உட்கார்ந்திருக்கும் பெரியவர்... பின்பக்கம் திருப்பினால் அவரவர் தடயம். முறுக்குக்காரருக்கு உடைந்த டார்ச். பெரியவருக்கு ஒரு ஜோடி வளையல்.

டிக்கெட் கிழிக்கும் பெண்மணியை எனக்குக் கொடுத்தாள். கரும்பச்சைச் சேலை, காதில் பென்சில்.

"ஒங்கள மாரியே இருக்கால்லாக்கா? கேம்ல இவளும் எல்லாத்தையும் நோட்டுல எழுதி வச்சிக்கிடுவா."

பெயின்ட் ஏது? ஷிப்டில் கலந்தது மீந்தால் திரும்ப உபயோகிக்க முடியாது. கழிவு டிரம்மில் கொட்டிவிட வேண்டும். கொட்டப் போவதில் கொஞ்சத்தைக் காலி நெயில் பாலிஷ் பாட்டிலில் எடுத்துவருவாள்.

இவ்வளவையும் எழுதினேன். பாராட்டித்தான் எழுதினேன். பெயர் போடவில்லை; கம்பெனி பெயரும் போடவில்லை. அவளிடம் கேட்டேனா? 'உன்னைப் பற்றி எழுதுகிறேன்' என்று படியில் போகும்போது சொன்னேன். சிரித்தாள். அதைச் சம்மதம் என்று டைரியில் எழுதிக்கொண்டேன்.

பத்தி வந்த அன்று காலை ஏழே காலுக்கே பக்கத்து வீட்டு தனம் சுவருக்கு மேல் தலையை நீட்டினாள். தனம் இந்த ஊர்க்காரி. பேப்பரை எனக்கு முன்னால் படித்துவிடுகிறவள்.

"இன்னாக்கா, நம்ம மாடில கீற பொண்ணப் பத்தித்தான எழுதிக்கீறே?"

"பேரே போடலையே தனம்... எப்படித் தெரிஞ்சுது?"

"பேர் இன்னாத்துக்கு? பீச்சாங்கையால பெயின்ட் அடிக்கிறவ இங்க வேற எவ கீறா? வூட்டு நம்பரு ஒண்ணுதான் பாக்கி, அதையும் போட்டுட வேண்டியதுதான!"

சிரித்தேன். 'தனம் கண்டுபிடித்துவிட்டாள்!' என்று டைரியில் எழுதினேன். ஆச்சரியக்குறியோடு. தனத்தால் முடிந்தது வேறு யாராலும் முடியாது என்று எந்த நம்பிக்கையில் இருந்தேன்?

பத்தாவது நாள். பி ஷிப்டுக்கு 2.45 பஸ்ஸில் போனவள், 5.10-க்கு ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினாள். யூனிஃபார்ம் இருந்தது, கழுத்தில் ஐ.டி. கார்டு இல்லை.

"என்னாச்சு? உடம்பு சரியில்லையா?"

படியில் உட்கார்ந்தாள். ஷூவைக் கழற்றி ஜோடி சேர்த்து வைத்தாள். "சஸ்பெண்டுக்கா. ஒங்க பேப்பரக் காட்டுனாவ. 'இது நீதான?'ன்னு கேட்டாவ."

"நீ என்ன சொன்ன?"

"ஆமான்னேன்."

"ஏன் ஒத்துக்கிட்ட?"

அவள் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. நிஜமாகவே புரியாமல்தான் கேட்டாள். "நீங்கதான் எல்லாத்தையும் சரியா எழுதிருக்கீயளே. எத இல்லன்னு சொல்ல?"

உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்தேன்.

செய்த பொருளை எல்லாம் ஒப்படைக்க வேண்டும் என்றார்களாம். தன்னிடமிருந்த பத்து முகங்களையும் பிஸ்கட் டின்னில் அடுக்கி, மறுநாள் அவளே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள். விசாரணை தொடங்கியது. டிரெய்னி காலம் முடிய இன்னும் நான்கு மாதம். முடிந்தால் நிரந்தரம். அதற்காகத்தான் இரண்டு வருடம் ஒரு ஷிப்ட் விடாமல் போனாள்.

நான் மூன்று முறை போன் செய்து, இரண்டு கடிதம் எழுதி, கடைசியில் அந்த விசிட்டர் அறைக்குப் போய்ச் சேர்ந்தேன். பொய் சொல்வது என்று முடிவு செய்துகொண்டு போனேன்.

"சார், அது கற்பனை. பத்தி சுவாரஸ்யமா இருக்கட்டும்னு கொஞ்சம் சேர்த்து எழுதினது."

அவர் சிரிக்கவில்லை. "மேடம், எங்கம்மா உங்க பத்திய வாராவாரம் கட் பண்ணி நோட்ல ஒட்டி வெக்கிறவங்க. 'இந்தம்மா டீ ஆறிப்போச்சுன்னு எழுதினா நெஜமா ஆறித்தான் போயிருக்கும்'பாங்க."

ஒரு நொடி பெருமையாக இருந்தது. அந்த ஒரு நொடிக்காக இன்றுவரை கூசிக்கொண்டிருக்கிறேன்.

"கொட்டப் போற பெயின்ட்தானே சார்?"

"டிரம்ல கொட்டினா அது வேஸ்ட் மேடம். பாட்டில்ல ஊத்தி கேட்டத் தாண்டிடுச்சுன்னா அதுக்குப் பேரு வேற. அதுவும் அந்த க்ரீன்... அந்தக் கலர்ல வண்டியே இன்னும் வெளிய வரல. நீங்களே எழுதியிருக்கீங்களே."

ஃபைலைத் திருப்பி என் பக்கம் நகர்த்தினார். 'இன்னும் ரோட்டுக்கே வராத வண்டியின் கரும்பச்சை.' மஞ்சள் கோட்டுக்கு மேல் நின்றது. எழுதியபோது எனக்கு ரொம்பப் பிடித்த வரி அது.

மற்ற கோடுகளையும் படித்தேன். தென்காசிப் பக்கம். டச்சப். பி ஷிப்ட். மாடியில் ஆறு பேர். நெயில் பாலிஷ் பாட்டில். இடது கை.

"கொட்டறதுல கொஞ்சம் எடுப்பாங்கன்னு எங்களுக்கா தெரியாது மேடம்? ரெண்டு மேனேஜர் வீட்ல படிச்சிட்டுக் கேட்டாங்க. கேட்டப்புறம் நான் சும்மா இருக்க முடியாது. பேரு நீங்க போடலதான்... ஆனா டச்சப்ல லெஃப்ட் ஹேண்ட் ஒரே பொண்ணுதான். பத்து நிமிஷங்கூட ஆகல."

ஒவ்வொரு கோட்டுக்கும் சில முகங்கள் கவிழ்ந்திருக்கின்றன. ஏழாவது கோட்டில் ஒரு முகம் மிஞ்சியிருக்கிறது. பெயரை மறைத்துவிட்டு மற்ற எல்லாவற்றையும் துல்லியமாகச் சொல்வதற்கு நான் 'ஆள் தெரியாமல் எழுதுவது' என்று பெயர் வைத்திருந்தேன். படிக்கிறவர்களுக்கு அது விடுகதை. விடுகதை போட்டால் விடை தேடத்தானே செய்வார்கள்?

மேஜை ஓரத்தில் பத்து முகங்களும் பாலிதீன் கவருக்குள் இருந்தன. ஒவ்வொன்றிலும் நம்பர் ஸ்டிக்கர். கைக்குழந்தைக்காரியின் கவரில் உள்பக்கம் ஆவி படிந்து முகம் மங்கியிருந்தது.

"உங்ககிட்ட ஒண்ணு இருக்குல்ல மேடம்? எழுதியிருக்கீங்க."

இருந்தது. கைப்பையிலேயே இருந்தது. 'எவ்வளவு சின்னது பாருங்கள்' என்று காட்டுவதற்காகக் கொண்டுபோயிருந்தேன். எடுத்து மேஜையில் வைத்தேன். அவர் ஒரு ஃபாரத்தை நீட்டினார். 'பெயின்ட் பூசிய மரத்துண்டு – 1.' ஃபாரம் நீட்டினால் பூர்த்தி செய்து கையெழுத்துப் போடுகிற ஜாதி நான். போட்டேன். தேதி, நேரத்தோடு.

ஸ்டிக்கரில் 11 என்று எழுதி ஒட்டினார்.

காப்பாற்றப் போனவள், கடைசித் தடயத்தையும் கொடுத்துவிட்டு ரசீதோடு வந்தேன்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். மொட்டை மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். கிளிப்பைப் பல்லில் கடித்திருந்தவள், அதை எடுத்துவிட்டுக் கேட்டாள்.

"அதையுங் குடுத்துட்டீயளாக்கா?"

"கேட்டாங்க..."

"அது நான் ஒங்களுக்குக் குடுத்ததுல்லா."

கடைசித் துணியையும் போட்டுவிட்டு, வாளியைக் கவிழ்த்து வைத்தாள். "நல்லதாப் போச்சு. பதினோரு பேரும் ஒரே எடத்துல சேந்துட்டாவ. இனி ஹெச்.ஆர்.காரவிய ஆடட்டும்."

வெள்ளிக்கிழமை கடிதம் வந்தது. ஒரே பக்கம். 'கம்பெனிப் பொருளைத் திருடிய குற்றத்துக்காக...' இந்த வட்டாரத்தில் எந்தக் கம்பெனிக்கு வேலை கேட்டுப் போனாலும் முதலில் கேட்பது, முன்னால் வேலை பார்த்த இடத்துக் கடிதத்தைத்தான். மறைமலை நகரில் ஒரு கம்பெனிக்குப் போனாள். தண்டலம் பக்கம் ஒன்றுக்குப் போனாள். தண்டலத்தில் கடிதத்தை வாங்கிப் படித்த செக்யூரிட்டி, அவளுடைய சாப்பாட்டுப் பையைத் திறந்து பார்த்துவிட்டு அனுப்பினாராம். உள்ளே விடவே இல்லை. வெளியே போகிறவளின் பைக்குத்தான் சோதனை.

நேற்றுக் காலை மாடிக்குப் போனேன். வருத்தம் தெரிவித்து எழுதப் போவதாகச் சொன்னேன்.

"ஒங்க வருத்தத்த வச்சு நான் என்னக்கா செய்ய? நான் களவாணி இல்லன்னு எழுதுங்க. கொட்டப் போனதத்தான் எடுத்தேன்னு எழுதுங்க. கேக்காம எடுத்தது தப்புதான், அதையும் எழுதுங்க."

"சரி. இந்தத் தடவை ஊர், கலர் எல்லாத்தையும் மாத்திடறேன். யாருன்னே தெரியாது."

"எதுக்கு மாத்தணும்? பேரப் போட்டு எழுதுங்க."

வேண்டாம் என்றேன். பேப்பரில் வந்தால் அழியாது, நாளைக்குக் கல்யாணம் பேசும்போது யாராவது எடுத்துக் காட்டுவார்கள் என்றேன். எனக்குத் தெரிந்த நியாயத்தை எல்லாம் சொன்னேன்.

"அக்கா... போன தடவ பேர் இல்லன்னதும் தேடுனாவ. தேடிக் கண்டுபிடிச்சா எவளும் களவாணிதான். நானே வந்து 'நாந்தான்'னு நின்னா?"

எழுதி முடித்து, இன்று காலை அவளிடம் படித்துக் காட்டினேன். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, குறுக்கே பேசாமல் கேட்டாள். ஒரே இடத்தில் நிறுத்தினாள். பெயின்டைக் 'கொஞ்சம்' என்று எழுதியிருந்தேன் அல்லவா?

"கொஞ்சம்னா எவ்வளவு? படிக்கிறவ ஒரு வாளின்னு நெனச்சுக்கிடுவா. அந்த நெயில் பாலிஷ் மூடிக்கு ரெண்டு மூடி. அப்படி எழுதுங்க."

எழுதுகிறேன். ஒரு நாளைக்கு இரண்டு மூடி.

"பொறவு, பேர இனிஷியலோட போடுங்க."

"இனிஷியல் எதுக்கும்மா?"

"எங்க லைன்ல எம் பேர்லயே இன்னொருத்தி இருக்கா. அவளுக்கும் இது டிரெய்னி காலந்தான். அவ வேலைக்கு ஒண்ணும் வந்துரக் கூடாது."

சு. மாரிச்செல்வி.