மலை ரயிலின் மூன்றாவது இருக்கை

ஊட்டி மலை ரயிலில் எங்களைக் கூட்டிப்போக வேண்டும் என்பது என் கணவரின் ஆசை. மூன்று பேருக்கும் டிக்கெட் எடுத்தவர், அதற்குள் மாரடைப்பில் போய்விட்டார். மகள் உடைந்துவிடுவாளோ என்று நான் அவள் முன் அழுததே இல்லை. அவர் ஆசைக்காகக் கோவில்பட்டியிலிருந்து நாங்கள் இருவர் மட்டும் போனோம்.

ரயிலில் எதிரே இருந்த, நாகலாபுரத்திலிருந்து வந்திருந்த ஓர் அம்மாள், எங்கள் பக்கத்துக் காலி இருக்கையைக் காட்டி, "இங்கன யாரும் வருதாவளா?" என்று கேட்டார்.

"எங்க வீட்டுக்காரவிய சீட்டும்மா. அவிய தவறிட்டாவ" என்றேன்.

ரயில் குகைக்குள் நுழைந்தது. இருட்டில் எல்லோரும் உற்சாகமாகக் கூச்சலிட, நான் வாய்விட்டு அழுதேன். பக்கத்தில் மகளும் விம்முவது கேட்டது. அந்த அம்மாள் எங்கள் இருவர் கைகளையும் பிடித்துக்கொண்டார்.

வெளிச்சம் வந்தது. "இன்னும் குகை இருக்கு தாயி, அழுதுக்கோங்க" என்று சொல்லிவிட்டு, அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மகளும் எனக்காகத்தான் அத்தனை நாள் அழாமல் இருந்திருக்கிறாள். அது எனக்கு அந்த இருட்டில்தான் தெரிந்தது.